வீடும் ஏடும்

எழுத்து இரு வகைப்படும். ஊருக்காக எழுதுவது ஒன்று. தனக்காக எழுதிக்கொள்வது மற்றொன்று. முதல் வகையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். காப்பியம், நாடகம், சிறுகதை, திறனாய்வு என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு, பாட நூல்கள் உண்டு, பரிசுகளும் உண்டு. இரண்டாம் வகைக்கு இத்தனை சிறப்பில்லை. நாட்குறிப்பு, கடிதம், வரவு செலவுக் கணக்கின் ஓரத்தில் கிறுக்கி வைத்த ஒரு வரி, முதுமையில் பேரப் பிள்ளைகளுக்காக எழுதிய நினைவுகள் ஆகியவையே அதன் செல்வம். இவற்றை எழுதியவர்களிற் பலர் தம்மை எழுத்தாளர் என்று ஒருபோதும் எண்ணிக்கொண்டதில்லை. ஆயினும், ஒரு காலத்து மக்கள் என்ன உண்டார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதைக் கண்டு சிரித்தார்கள் என்று அறிய விரும்பும்போது, நாம் இந்த இரண்டாம் வகை எழுத்தையே தேடிப் போகிறோம். அவ்வெழுத்தைப் பற்றியும், அது பிறக்கும் இடமாகிய வீட்டைப் பற்றியும் மாணவ நண்பர்களாகிய உங்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

"நாட்குறிப்பு எழுதுங்கள்" என்று மாணவர்களிடம் சொன்னால், "எங்கள் வீட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். காலையில் எழுகிறோம்; தண்ணீர் பிடிக்கிறோம்; பள்ளிக்குப் போகிறோம்; மாலையில் திரும்புகிறோம்; உண்டு உறங்குகிறோம். இன்று நடந்ததே நாளையும் நடக்கிறது. "வீட்டுக்கு வீடு வாசற்படி" என்னும் பழமொழியையும் துணைக்கு அழைப்பார்கள். பழமொழி மெய்தான். வாசற்படி எல்லா வீட்டுக்கும் உண்டு. ஆனால் அந்தப் படியில் மாலை நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் எவர் வரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பது வீட்டுக்கு வீடு வேறு அல்லவா? எல்லார்க்கும் பொதுவான படியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதில் அமர்ந்திருப்பவரைப் பற்றி எழுத எவ்வளவோ உண்டு.

சிறு செய்திகளின் பெருமையை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். இலண்டன் மாநகரில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றி வந்தார். 1660 சனவரி முதல் நாள் தொடங்கி 1669 மே மாத இறுதி வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். அதுவும் சுருக்கெழுத்தில் எழுதினார். 1666ஆம் ஆண்டில் அந்நகரிற் பெருந்தீ மூண்டு, 13,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்து போயின. வரலாற்று நூல்கள் இந்த எண்ணை நமக்குக் கூறும். பீப்ஸின் நாட்குறிப்போ, நெருப்பு நெருங்கி வந்தபோது அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டித் திராட்சை மதுவையும் பாலாடைக் கட்டியையும் புதைத்து வைத்த செய்தியைக் கூறுகிறது. எண்ணைப் படிக்கும்போது நாம் வியக்கிறோம். பாலாடைக் கட்டியைப் பற்றிப் படிக்கும்போது, நாமே அந்தத் தோட்டத்தில் மண்வெட்டியுடன் நிற்கிறோம். ஊர் எரியும்போது ஒரு மனிதன் எதைக் காப்பாற்ற நினைக்கிறான் என்பதை வேறு எந்த நூல் நமக்குச் சொல்லும்?

நம் தமிழுக்கு இத்தகைய பேறு இல்லாமற் போகவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் எழுதத் தொடங்கினார். 1761 சனவரியில் தாம் இறக்கும் வரையில், இடையிடையே விட்டுப் போயினும், ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதி வந்தார். கப்பல் வந்ததும் போனதும், சரக்கின் விலையும், ஆளுநர் மாளிகையின் பேச்சும், போரின் போக்கும் அவருடைய ஏட்டிலே நிறைந்திருக்கின்றன. அவற்றோடு தம் உறவினர் வீட்டு மங்கலங்கள், சோதிடர் கூறிய பலன்கள், தமக்கு நேர்ந்த மனக்குறைகள் ஆகியவற்றையும் அவர் விடவில்லை. மொழி நடையைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கடைத்தெருவிலே பேசிய தமிழையே, அதிற் கலந்திருந்த அயன்மொழிச் சொற்களோடு, அப்படியே எழுதினார். அந்த அழகுபடுத்தாத தமிழே இன்று நமக்கு அரிய செல்வம். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் குரலை நாம் அதிலே கேட்கிறோம்.

இன்னொரு சான்றும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த பெரியார் என்பதை நீங்கள் அறிவீர்கள். 85ஆம் வயதை எட்டும் தறுவாயில், 1940 சனவரியில், அவர் 'என் சரித்திரம்' என்னும் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். 122 அத்தியாயங்கள் வெளிவந்தன. 1942இல் அவர் மறைந்ததால் நூல் முற்றுப்பெறாமலே நின்றது. அந்நூலில் தாம் பதிப்பித்த நூல்களின் பெருமைக்கு வருமுன் ஐயரவர்கள் நம்மை எங்கே அழைத்துச் செல்கிறார்? பிறந்த ஊருக்கும், வீட்டுக்கும், பாட்டனாரிடமும், இசை வல்லவரான தந்தையாரிடமும் அழைத்துச் செல்கிறார். பிள்ளையின் தமிழ்க் கல்விக்கு ஆசிரியரும், குடும்பத்துக்கு ஆதரிப்பவரும் கிடைக்க வேண்டுமென்று அந்தக் குடும்பம் ஊர் ஊராகக் குடிபெயர்ந்த கதையை விரிவாகச் சொல்கிறார். ஓர் எளிய குடும்பத்தின் சோற்றுக் கவலையும் ஒரு பெரும்புலவரின் கல்வியும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை அவர் எழுதியிராவிட்டால் நாம் அறிந்திருப்போமா?

இதுவரை சொன்ன மூவரும் ஆடவர்கள். வெளி உலகில் அலுவலும் புகழும் பெற்றவர்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில், அதே புதுச்சேரியில், ஏதேனும் ஒரு வீட்டின் அடுக்களையிலிருந்த பெண்மணி ஒருத்தி நாள்தோறும் எழுதி வைத்திருந்தால் நமக்கு எத்தகைய ஏடு கிடைத்திருக்கும்! ஆளுநரின் முடிவு அவளுடைய அரிசிப் பானையில் எப்படி எதிரொலித்தது, முற்றுகைக் காலத்தில் பிள்ளைகளுக்கு எதை ஆக்கிப் போட்டாள் என்பனவெல்லாம் தெரிந்திருக்கும். எழுத்தறிவு அவளுக்கு எட்டாதபடி நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. வீட்டை நடத்தியவர்கள் எழுதவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் வீட்டை நடத்தவில்லை. தனிமனித எழுத்தின் வரலாற்றில் இதுவே பெருங்குறை.

அந்தக் குறையை ஒரு பெண்மணி ஓரளவு தீர்த்து வைத்தார். அவர் பெயர் ராஸசுந்தரி தேவி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். 12ஆம் வயதில் மணமாகிப் பெரிய குடும்பம் ஒன்றில் அடியெடுத்து வைத்தார். பெண்கள் படிப்பது தகாது என்று அவருடைய சுற்றத்தார் கருதிய காலம் அது. அவர் நெஞ்சிலோ, சைதன்யரின் வரலாற்றைக் கூறும் சமய நூலைத் தாமே படிக்க வேண்டும் என்ற வேட்கை மூண்டது. ஒரு நாள் அந்நூலின் சுவடி அடுக்களைப் பக்கம் வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து ஒளித்து வைத்தார். எழுத்துப் பயிலும் தம் மகனுடைய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சமைக்கும்போது யாரும் காணாத நேரம் பார்த்து, ஓலையின் எழுத்தையும் ஏட்டின் எழுத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. ஆசிரியரும் இல்லை, பள்ளியும் இல்லை, அடுப்பின் புகையே துணை.

படிக்கக் கற்றவர் பிற்காலத்தில் எழுதவும் கற்றார். 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', என்னும் நூலை எழுதினார். வங்க மொழியின் முதல் தன்வரலாற்று நூல் என்று அதனைப் போற்றுவர். அதில் அரசர் இல்லை, போர் இல்லை. ஒரு வீடு இருக்கிறது. பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் வேலையாட்களுக்கும் உணவளித்து முடித்துத் தாம் உண்ண உட்காரும்போதெல்லாம் ஏதேனும் ஓர் இடையூறு வந்து, இரண்டு நாட்கள் அவர் உண்ணாமலே கழித்த கதை அதில் உண்டு. வீடு நிறைய மக்கள் இருந்தும், அவர் பட்டினி கிடந்ததை ஒருவரும் அறியவில்லை. கணவரின் குதிரை முன்னே வருவதற்குக்கூட அவர் நாணி ஒதுங்கியதையும், அது வெறும் குதிரைதானே என்று பின்பு உணர்ந்ததையும் மெல்லிய நகைச்சுவையோடு சொல்கிறார். யாரையும் அவர் ஏசவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறார். அப்படிச் சொல்வதனாலேயே படிப்பவர் நெஞ்சிலே அந்தப் பட்டினி சுடுகிறது. அவர் எழுதியிராவிட்டால் அந்த இரண்டு நாட்கள் உலகில் இல்லாதவையாகவே போயிருக்கும். அவரைப் போன்று பசித்திருந்த எத்தனையோ தாய்மாரின் நாட்கள் அப்படித்தான் போயின.

இனி வேறொரு பக்கத்தைக் காண்போம். வீட்டைப் பற்றி எழுதும்போது ஒரு தீராத சிக்கல் உண்டு. நாம் எழுதும் மனிதர்கள் நம்மோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள். தந்தையின் சினம், தாயின் பிடிவாதம், உடன்பிறந்தாரின் பொறாமை இவற்றையெல்லாம் உள்ளபடி எழுதலாமா? எழுதாவிட்டால் ஏடு பொய்யாகிவிடுமே! எழுதினால் அன்புக்குத் தீங்காகிவிடுமே! இந்தச் சிக்கலைத் தன் இளம் வயதிலேயே எதிர்கொண்டவள் ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி.

1942 சூன் 12ஆம் நாள், தன் 13ஆம் பிறந்த நாளில், அவளுக்கு ஒரு குறிப்பேடு பரிசாகக் கிடைத்தது. ஒரு மாதம் கழிவதற்குள் நாஜிகளுக்கு அஞ்சி, ஆம்ஸ்டர்டாம் நகரில் தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்புறத்தே குடும்பத்தோடு மறைந்து வாழ வேண்டியதாயிற்று. பிறரும் வந்து சேர, எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே அடைந்து கிடந்தனர். பகலில் காலடி ஓசையும் வெளியே கேட்கலாகாது. அந்த நெருக்கத்தில் அவள் எழுதியவை எவை? உருளைக்கிழங்கின் தோலை யார் எப்படிச் சீவினார் என்பது. உணவு மேசையில் மூண்ட சண்டை. தன் தாய் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்னும் ஏக்கம். தாயைப் பற்றி மிகக் கடுமையான சொற்களை அவள் எழுதினாள். ஆனால் 1944 சனவரியில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது, அச்சொற்களைக் கண்டு அவளே திடுக்கிட்டாள். தாயின் நிலையில் நின்று தான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை உணர்ந்து, அதையும் அதே ஏட்டில் எழுதினாள். பழைய பக்கத்தைக் கிழித்தெறியவில்லை. சினமும் அங்கே இருக்கிறது. சினம் தெளிந்த அறிவும் அங்கே இருக்கிறது.

மாணவ நண்பர்களே, நாட்குறிப்பு நமக்குச் செய்யும் பேருதவி இதுவே என்பேன். வாயாற் கொட்டிய சொல்லை அள்ள முடியாது. ஏட்டில் எழுதிய சொல் நமக்காகக் காத்திருக்கும். சில திங்கள் கழித்து அதைப் படிக்கும்போது, எழுதியவர் ஒருவராகவும் படிப்பவர் வேறொருவராகவும் ஆகிவிடுகிறோம். அந்த இடைவெளியிலேதான் மனிதனுக்கு நடுநிலை பிறக்கிறது.

அச்சிறுமியின் வரலாற்றில் வானொலிக்கும் ஒரு பங்குண்டு. 1944 மார்ச்சு 28ஆம் நாள், இலண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு மொழி நிகழ்ச்சியில், அந்நாட்டு அமைச்சர் ஒருவர், போர் முடிந்ததும் பொதுமக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் திரட்டப்பட வேண்டும் என்று பேசினார். மறைவிடத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டனர். அதன்பின் அவள் தன் நாட்குறிப்பை நூலாக்கும் நோக்கத்துடன் திருத்தி எழுதத் தொடங்கினாள். ஆகஸ்டு முதல் நாள் கடைசிக் குறிப்பை எழுதினாள். 4ஆம் நாள் எல்லாரும் பிடிபட்டனர். முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர் அவளுடைய தந்தை ஒருவரே. குடும்பத்துக்கு உதவி வந்த மீப் கீஸ் என்னும் பெண்மணி எடுத்துக் காத்திருந்த தாள்கள் அவர் கைக்கு வந்தன. 1947இல் தந்தையார் நூலை வெளியிட்டபோது, மறைந்துபோன மனைவியைப் பற்றி மகள் எழுதிய கடுமையான பகுதிகள் சிலவற்றை விலக்கினார். பிற்காலப் பதிப்புகளில் அவை சேர்க்கப்பட்டன. தந்தை செய்தது சரியா, பதிப்பாசிரியர்கள் செய்தது சரியா என்று உங்களுக்குள்ளே விவாதித்துப் பாருங்கள். மகளின் ஏட்டுக்கும் மனைவியின் நினைவுக்கும் இடையே நின்ற அந்த மனிதரின் கை நடுங்கியிருக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். எழுதுகிறவரின் உரிமையும், எழுதப்படுகிறவரின் மானமும் ஆகிய இரண்டும் மெய்யானவை.

அப்படியானால் நாம் எவ்வாறு எழுத வேண்டும்?

முதலாவது, பெரிய சொற்களை நம்பாதிருக்க வேண்டும். 'என் தாய் அன்பே உருவானவர்' என்று பள்ளிக் கட்டுரையில் எழுதுகிறோம். இது எல்லாத் தாய்மார்க்கும் பொருந்தும். ஆகவே எந்தத் தாயையும் காட்டாது. மழை நாளில் ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, நனையாத மூலையில் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் தம் புடவையைப் போர்த்தி வைத்த தாயை ஒருவன் எழுதட்டும். அன்பு என்ற சொல்லே அதில் வர வேண்டியதில்லை.

இரண்டாவது, நாளையும் விலையையும் சொன்ன சொல்லையும் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு படி அரிசி என்ன விலை, யார் ஊரிலிருந்து வந்தார், பாட்டி எந்த மரபுச் சொல்லால் பேரனை வைதாள் என்பவை இன்று அற்பமாகத் தோன்றும். முப்பது ஆண்டுகள் கழித்து, அந்தச் சொல்லைச் சொல்ல ஆளிராது. இக்காலத்தில் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்துச் சேர்க்கிறோம். படம் முகத்தைக் காட்டும். அந்த முகம் அன்று ஏன் வாடியிருந்தது என்பதை எழுத்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வீட்டிற் பிணக்கு ஏற்பட்ட நாளில் இரண்டு பத்திகள் எழுதுங்கள். முதற் பத்தியில் உங்கள் நியாயத்தைத் தாராளமாக எழுதுங்கள். இரண்டாம் பத்தியில், உங்களோடு பிணங்கியவர் தாமே எழுதினால் எவ்வாறு எழுதுவார் என்று எண்ணி அவருடைய நியாயத்தை எழுதுங்கள். முதற் பத்தி எளிதாக வரும். இரண்டாவது வருவதற்கு நேரமாகும். அந்த நேரம் வீணான நேரம் அன்று. பிறருடைய நாட்குறிப்பைக் கேளாமற் படிப்பதும், சாத்திய அறையைத் தட்டாமல் திறப்பதும் ஒன்றே என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இவ்வளவு எழுதியும் உலகம் அதனைப் படிக்கப் போகிறதா என்று கேட்கலாம். பெரும்பாலும் படிக்கப் போவதில்லை. பீப்ஸின் சுருக்கெழுத்து ஏடு, அது முடிந்து 150 ஆண்டுகளுக்கு மேலான பின்பே, 1825இல் முதன்முதல் அச்சாயிற்று. நம்முடைய குறிப்பேடு அலமாரியின் அடித்தட்டிலேயே கிடந்துவிடவும் கூடும். அதனால் குறையொன்றுமில்லை. எழுத உட்காரும் ஒருவன், எழுதுவதற்காகவேனும் தன் வீட்டாரை ஒரு முறை நன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தங்கை இன்று ஏன் பேசாமல் இருந்தாள், தந்தையின் கையில் அந்தக் காயம் எப்படி வந்தது, எல்லாரும் உண்டபின் தாய்க்கு என்ன மிஞ்சியது என்று கவனிக்க வேண்டியிருக்கிறது. கவனித்தவன் சும்மா இருக்க மாட்டான். மறுநாள் சோறு பரிமாறும்போது, "அம்மா, நீங்களும் உட்காருங்கள்" என்று சொல்வான். ராஸசுந்தரியின் வீட்டில் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அவருடைய நூலில் ஒரு பக்கம் குறைந்திருக்கும். அவருடைய பசியும் தீர்ந்திருக்கும்.

ஆதலால், புத்தாண்டு பிறக்கட்டும், அழகிய குறிப்பேடு கிடைக்கட்டும் என்று காத்திராதீர்கள். கணக்கு நோட்டின் மிஞ்சிய தாள்கள் போதும். உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் சென்று, உங்கள் வயதில் அவர் எந்த வீட்டில் இருந்தார், அந்த வீட்டில் முதலில் எழுந்தவர் யார், கடைசியாக உறங்கியவர் யார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை, அவருடைய சொற்களிலேயே, நாளும் கிழமையும் இட்டு எழுதி வையுங்கள். முதற் பக்கத்துக்கு அது போதும்.